முன் சீட்டிலிருந்து பார்த்த ஊர்

டெப்போவில் அவருக்கு ‘ஊர்வலம்’ என்று பெயர். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது அவர் மனைவிதான். அது அவளுக்கே தெரியாது.

ஒரு நாள் காலை, ஜனம் படியில் தொங்கும் நேரம். அவர் ஓட்டி வந்த டவுன் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பச்சை சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. முதுகை நிமிர்த்தி, உலகத்தில் தன்னை யாரும் அவசரப்படுத்த முடியாது என்பதுபோல் மிதித்துக்கொண்டிருந்தவள் அவர் வீட்டுக்காரி. முந்திப் போக இடம் இருந்தது. எத்தனையோ சைக்கிள்களை அவர் முந்தியிருக்கிற இடம்தான். ஆனால் அன்றைக்குக் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஹாரன் அடிக்கவும் கை வரவில்லை. அடித்தால் திடுக்கிட்டுத் திரும்புவாளே! ஆக, பாலம் தொடங்கி தபால் ஆபீஸ் வரைக்கும் பஸ் அவள் பின்னாலேயே ஊர்ந்தது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் கத்தித் தீர்த்தன. “என்ன டிரைவரே, தள்ளணுமா?” என்று ஒருவர் கேட்டார். கண்டக்டர் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். சைக்கிளில் போவது யாரென்று புரிந்ததும், வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, “கொஞ்சம் பொறுத்துக்குங்க. குடும்ப ஊர்வலம் போய்க்கிட்டிருக்கு” என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் பெயர் டெப்போவெங்கும் பரவிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் சொன்னாள்: “இன்னிக்கு என் பின்னாடி ஒரு பஸ்காரர் வந்தாருங்க. எவ்வளவு தன்மையான மனுஷன் தெரியுமா? ஹாரனே அடிக்கல.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார் ஊர்வலம்.

அவளுக்கு வேலை பல் செய்வது. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இல்லாத பல்லைப் பீங்கானில் உருவாக்கி, பக்கத்துப் பற்களின் நிறத்துக்குத் தோதாக மெல்லிய பிரஷ்ஷால் பூச்சு ஏற்றி, சின்ன உலையில் சுட்டெடுப்பாள். பல் என்றால் வெள்ளை என்று நினைப்பவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். ஈறோரம் தேன் நிறம், நடுவில் தந்தம், நுனியில் லேசாக நீலம் ஓடும் என்பாள். கல்யாணம் பேசிய காலத்தில், இவர் சிரித்த மாத்திரத்தில், “வரிசை கோணல், ஆனா கலர் பொய் சொல்லாத கலர்” என்று தன் அக்காவிடம் சொன்னாளாம். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவருக்கு இன்றுவரை முடிவாகவில்லை.

நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்திருப்பவளுக்குக் கழுத்து நிமிர்வது சைக்கிளில்தான். அதோடு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. மகள் பிறந்த பிறகு அது அதிகமானபோது, நுரையீரல் டாக்டர் ஏதாவது ஒரு பயிற்சி வேண்டும் என்று சொல்ல, இவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு திறந்தது. இன்ஹேலர் பையின் அடிக்குப் போனது. மருந்தை யாரும் பாடிக்கொண்டே சாப்பிடமாட்டார்கள். இவள் அந்த மருந்தில் ஏறி உட்கார்ந்தால் முணுமுணுவென்று பாடுவாள்.

ஊர் ரோடுதான் சரியில்லை. நின்றிருந்த கார் ஒன்றின் கதவு ஒரு நாள் படாரென்று திறந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. டியூட்டியைப் பாதியில் விட்டுவிட்டு யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர், அவள் கட்டுப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

“போதும்மா. இனிமே சைக்கிள் வேணாம்.”

“பஸ்ல போறப்ப அடிபட்டவங்க இல்லையா? அதுக்காக நீங்க ஸ்டியரிங்க விட்டுட்டீங்களா?”

எலும்பு கூடியதும் வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்தி வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பிவிட்டாள். அவர்தான் அதற்குப் பிறகு எந்த சைக்கிளைக் கண்டாலும் பாதி ரோட்டை விட்டுக்கொடுத்து ஓட்டுகிறவரானார்.

இப்படி இருக்கும்போதுதான் வெளிநாட்டிலிருந்து அந்த வேலை வந்தது. அங்கே போய் செட்டிலான பல் டாக்டர் ஒருவர் இவள் கைவேலையைப் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார். அங்கே பல் செய்கிற லேப் நடத்தும் அம்மாள் பார்த்துவிட்டு, இந்தக் கை எனக்கு வேண்டும் என்று நேரடியாகவே பேசினார். சம்பளம் நல்ல சம்பளம். குனிந்து பார்க்க வேண்டிய அவசியமில்லாத புது மாதிரி மேஜை. இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் இரண்டு கேள்வி கேட்டாள். அங்கே காற்று எப்படி? வேலைக்கு சைக்கிளில் வர முடியுமா?

லேப்காரம்மா ஒரு கணம் முழித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அதை முதலில் கேட்டதில்லை. சைக்கிளுக்குப் பெரும்பாலும் தனிப்பாதை இருக்கிறது, காற்றும் நல்ல காற்றுதான், குளிர் மாதங்களில் மட்டும் கொஞ்சம் புகை என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஊர்வலத்தின் காதில் ‘கொஞ்சம்’ மட்டும் விழுந்தது. பேசி முடித்ததும் பிடித்துக்கொண்டார். “கொஞ்சம்னா எவ்வளவு? உப்பு கொஞ்சமா, தண்ணி கொஞ்சமா?”

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளிடம் கேட்டார்கள். அவள் ஃபோனில் எதையோ தட்டி, ஒவ்வொரு மாதத்துக்கும் காற்று மாசின் அளவைக் கலர் கலராகப் படம் பிடித்து அனுப்பினாள். பெரும்பாலும் பச்சை. அங்கங்கே மஞ்சள். குளிர் காலத்தில் திடீரென்று சிவப்பு, அப்புறம் கத்திரிப்பூ நிறம்.

“சிவப்புக்கு மேலயும் கலர் இருக்கா?” என்றார்.

“அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்குப்பா. அத நான் அனுப்பல.”

அவருக்குத் தூக்கம் போயிற்று. இங்கே வீட்டுக்குள் வருவதெல்லாம் சுத்தமான கடல் காற்று, ரோடுதான் எமன். அங்கே ரோடு சாது, காற்று எமன். எந்த எமன் கொஞ்சம் தயவானவன் என்று எப்படிப் பார்ப்பது? மனைவியின் சித்தி மகன் ஒருவன் அந்த ஊரில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். அவனைக் கேட்டால், “எல்லாம் பழகிடும் மாமா” என்றான். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழகுவதற்கு நுரையீரல் என்ன புது செருப்பா?

ஒரு வாரம் வந்து வேலை செய்து பாருங்கள், பிடித்தால் பேசலாம் என்று லேப்காரம்மா சொன்னார். வெயில் காலத்தில் போகலாம் என்றாள் இவள்.

“கூடாது. விருந்தாளி வர்றாங்கன்னா எந்த வீடும் சுத்தமாத்தான் இருக்கும். குளிர்லயே போவோம். கத்திரிப்பூ கலர்ல போவோம்” என்றார்.

“போவோமா? நீங்களுமா?”

“பின்ன?”

லீவு கேட்கப் போனபோது டெப்போ மேனேஜர் தலையைத் தூக்காமலே, “ஊர்வலம் இந்தத் தடவை நாடு தாண்டிப் போகுதா?” என்றாராம்.

அங்கே சாவி செய்கிற கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. ஜன்னல் முழுதாகச் சாத்தாது. இடைவெளியில் அவள் துண்டைச் சுருட்டிச் செருகினாள். லேப் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. முதல் நாள் காலை, வாடகை சைக்கிளில், காதை மூடிய கம்பளித் தொப்பியோடு அவள் கிளம்பிப் போனதை ஜன்னலில் நின்று பார்த்தார். தெரு முனையில் அவள் திரும்பியதும் அறையில் அவருக்கு வேலை ஒன்றும் இல்லாமல் போயிற்று. பாஷை தெரியாது. யாரையும் தெரியாது. கீழே இறங்கி நின்றார். பஸ் வந்தது. கால் தானாக ஏறியது.

முதல் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே அவர் ஊரைப் பார்க்கவில்லை. டிரைவரின் வலது காலைப் பார்த்தார். பக்கத்துக் கண்ணாடியை எத்தனை முறை பார்க்கிறார் என்று பார்த்தார். ஓட்டியது ஒரு பெண். அவர் வயதுதான் இருக்கும். நரைத்த கட்டை முடி, தடித்த கோட்டு. முன்னால் ஒரு சைக்கிள் தடுமாறியது. அந்தம்மா காலை எடுத்தார், காத்திருந்தார், இடம் கிடைத்ததும் ஆள் நீளத்துக்கு ஒதுங்கி முந்தினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. திருப்பத்தில் கண்ணாடியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வளைத்தார்.

‘சரி, இந்தம்மா நல்லவங்க. எல்லாரும் இப்படியா இருப்பாங்க?’ என்று இறங்கி வேறு பஸ் ஏறினார். அந்த டிரைவரும் அப்படியே. மதியம் மறுபடி அந்தம்மாவின் பஸ் வந்தது. ஏறினார். மறுநாளும் அதே சீட்டு.

அன்று கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கிய பிறகு அந்தம்மா எஞ்சினை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இவர் முன்னால் வந்து நின்றார். ஃபோனில் ஏதோ பேசினார். ஃபோன் தமிழில் சொன்னது: “ஐயா, தாங்கள் எதற்காக என் பேருந்தில் தொடர்ந்து அமர்ந்திருக்கிறீர்கள்? தாங்கள் ஆய்வாளரா?”

ஊர்வலம் பதறி எழுந்தார். “ஐயோ, இல்லம்மா. நானும் டிரைவர்தான். என் வீட்டுக்காரி இங்க சைக்கிள்ல வேலைக்கு வரப் போறா. அதான், நீங்கள்லாம் சைக்கிள்காரங்கள வச்சு எப்படி ஓட்டுறீங்கன்னு பாக்க வந்தேன்.”

ஃபோன் அதை அந்தப் பாஷையில் சொன்னது. அந்தம்மாவின் புருவம் ஏறியது. பதில் வந்தது: “நாங்கள் சைக்கிள் ஓட்டுபவர்களை ஒருபோதும் கேலி செய்வதில்லை.”

தலையில் அடித்துக்கொண்டு டெப்போ அட்டையை எடுத்துக் காட்டினார். தன் போட்டோ, பின்னால் பஸ் படம். அந்தம்மா அட்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் சூடாக ஏதோ ஊற்றிக் கொடுத்தார். இருவரும் காலிப் பஸ்ஸில் உட்கார்ந்து குடித்தார்கள். முதுகு வலி, கண்டக்டர் இல்லாத வண்டி, முறைக்கிற பயணி என்று டிரைவர்களுக்குப் பேச விஷயமா இல்லை.

திரும்பும் ட்ரிப்பில் ரயில் பாலத்துக்கு அடியில் அந்தம்மா பஸ்ஸை மெதுவாக்கி, கையால் சுட்டிக் காட்டினார். கிடங்குக்குப் போகிற லாரிகள் வளைகிற இடம். சைக்கிள் பாதை அங்கே அறுந்துபோய், சுவர் ஓரத்தில் இருட்டாக ஒரு சந்து மட்டும் இருந்தது. கடைசி ஸ்டாப்பில் ஃபோன் சொன்னது: “அந்தப் பாலத்தடியில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு அங்கே ஒன்றைப் பார்த்தேன். அதைப் பற்றி மேலும் கூற விரும்பவில்லை.”

அதைக் கேட்ட டிரைவருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அதற்கு அடுத்த காலை ஜன்னலைப் பார்த்தால் எதிர்க் கட்டடத்தைக் காணோம். சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி புகை தெருவில் நின்றது. அவள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, “இதையும் பாக்கத்தானே வந்தோம்” என்று போய்விட்டாள். அன்று அந்தம்மா முன் கண்ணாடியை வெள்ளைத் துணியால் துடைத்து இவரிடம் விரித்துக் காட்டினார். அடுப்புக் கரி மாதிரி இருந்தது. ஃபோன் சொன்னது: “இது என் நுரையீரலின் புகைப்படம்.”

“அப்புறம் ஏம்மா இந்த ஊர்ல இருக்கீங்க?”

அந்தம்மா இருமி முடித்துவிட்டுச் சொன்னார். “மற்ற மாதங்களில் வந்து பாருங்கள். அப்போது இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டீர்கள்.”

சாயங்காலம் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “டயர்ல காத்து குறைஞ்சுபோச்சுங்க” என்றாள். அவர் குனிந்து டயரை அமுக்கினார். கல் மாதிரி இருந்தது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு மேலே வந்தார்.

சூப்பைச் சுட வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சாதாரணமாகக் கேட்டாள்: “ரோடு எப்படிங்க இருக்கு?”

“தங்கமான ரோடு. ஒரு குறை சொல்ல முடியாது.”

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். “நீங்க பொய் சொன்னா உதட்ட இறுக்கிக்குவீங்க. ஒரு பல்லு தெரியாது. என்ன மறைக்கிறீங்க?”

“நீ மட்டும் என்னவாம்? டயர்ல காத்து இருக்கு. உனக்குத்தான் இல்ல.”

அப்புறம் அவள் பையைத் திறந்து இன்ஹேலரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். லேப்பில் மதியம் இழுப்பு வந்துவிட்டது; கழிவறையில் போய் நின்று அடித்துக்கொண்டாள். ஆற்றுப் பாலத்தில் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தாள். அவரும் ரயில் பாலத்தடியைச் சொன்னார்.

“அப்ப வேணாம்ங்க. போயிடுவோம்” என்றாள். கண் கலங்கியிருந்தது. “ஆனா முதல் ரெண்டு நாள் அந்த ஆத்துப் பாலத்துமேல மிதிச்சேன் பாருங்க... என்னைப் பாத்து ஒருத்தர் ஹாரன் அடிக்கலங்க. இத்தனை வருஷமா எவ்வளவு பயந்துக்கிட்டு ஓட்டியிருக்கேன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது.”

அவளை அவர் பயமில்லாதவள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்!

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார். “முதல் நாள் நான் பஸ் ஏறினது குறை கண்டுபிடிக்கத்தான். ஒரு நாலு குறை சொல்லி உன்ன திருப்பிக் கூட்டிட்டுப் போயிடணும்னு. ஒரே ஒரு இடம்தான் கிடைச்சுது. அதுல இறங்கி நடந்துட்டாப் போச்சு. ரோட்டுக்கு நான் சரி சொல்றேன். புகைக்கு மாத்திரம் சொல்லமாட்டேன்.”

“புகைய என்ன பண்றது? ஊதியா தள்ள முடியும்?”

“எங்க டெப்போல மழைக்கு ஒரு டைம்டேபிள், வெயிலுக்கு ஒண்ணு. எல்லாக் காலத்துக்கும் ஒரே டைம்டேபிள் போட்டா வண்டி ஓடாது. நீயும் ரெண்டு போட்டுக்கயேன்.”

அவள் யோசித்தாள். நிறம் ஏற்றுவதற்குக் கை வேண்டும், உலை வேண்டும். ஆனால் பல்லின் வடிவத்தை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்கள். அதை எங்கே உட்கார்ந்தும் வரையலாம். புகை மாதங்களில் சொந்த வீட்டில் இருந்தபடி வடிவ வேலை. மீதி மாதங்களில் இங்கே வந்து நிற வேலை. மறுநாள் லேப்காரம்மாவிடம் கேட்டுவிட்டாள். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இப்படி யாருக்கும் செய்ததில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். முகத்தைப் பார்த்தால் நம்பிக்கையாக இல்லை என்று வந்து சொன்னாள்.

ஊர் திரும்பி, பழையபடி அவள் பச்சை சைக்கிளிலும் அவர் டவுன் பஸ்ஸிலும் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. லேப்காரம்மா வேறு இரண்டு பேரை வைத்துப் பார்த்தார் என்பது பின்னால் தெரிந்தது. அவர்கள் செய்த பல் எல்லாம் வாயில் விளக்குப் போட்ட மாதிரி வெள்ளையாக இருந்ததாம். வசந்தம் பிறந்த சமயம் கூப்பிட்டு, புகை மாதங்களுக்குச் சம்பளத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளச் சம்மதமென்றால் வரலாம் என்றார். சம்மதம்.

மகள் படிப்பை முடிக்கும்வரை அவர் இங்கேயே இருப்பது என்று முடிவாயிற்று. அவள் தனியாகப் போனாள். ஃபோன் செய்தால் அவர் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. “இன்னிக்கு என்ன கலர்?” என்றுதான் கேட்பார். “பச்சைங்க” என்பாள். மாதக்கணக்கில் பச்சை, பச்சை, பச்சை. குரலிலேயே தெம்பு தெரிந்தது. அவருக்கும் டெப்போவில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளத் தெம்பாக இருந்தது.

அந்த வருஷம் புகை முன்னதாகவே வந்துவிட்டது. டிக்கெட் போட்டிருந்த தேதிக்கு வெகுமுன்பு, ஒரே நாளில் கத்திரிப்பூ. அவளுக்கு மூச்சு அடைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இவருக்குச் செய்தி வந்தபோது பஸ் கிளம்ப இருந்தது. வேறு டிரைவரை ஏற்றிவிட்டு டெப்போ பெஞ்சில் உட்கார்ந்தார். நினைவுக்கு வந்தது ஒரே ஆள். அன்று ஃபோன் நம்பர் கொடுத்திருந்த அந்த பஸ் டிரைவரம்மாவுக்குச் செய்தி அனுப்பினார். தன் டியூட்டி முடிந்ததும் கோட்டோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போன அந்தம்மா, படுக்கை பக்கத்தில் நின்று பேசி அனுப்பிய குரல் வந்தது. ஃபோன் தன் செந்தமிழில் சொன்னது: “கவலை வேண்டாம். தங்கள் மனைவி நலமாக மூச்சு விடுகிறார். அவர் மருத்துவரின் முன்பற்களைக் குறை கூறிக்கொண்டிருக்கிறார்.”

பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவரால் தள்ளி இருக்க முடியவில்லை. மகள், “நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்கப்பா” என்று விரட்டினாள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்த ஊர் லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை தோற்றார். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவரைப் பார்த்து, நீங்கள் மிகவும் மெதுவாக ஓட்டுகிறீர்கள் என்றார்களாம். இரண்டாம் தடவை தேறினார். இப்போது அதே லேப்பில் ஒரு சின்ன வேன் ஓட்டுகிறார். மனைவி செய்த பற்களைப் பஞ்சுப் பெட்டியில் வைத்து டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. எண்பது பேரை ஏற்றிய கைக்கு எண்பது பல் பெரிய பாரமில்லை என்று சொல்லிக்கொள்கிறார்.

புகைக்கு இரண்டு வாரம் முன்பே இருவரும் ஊர் வந்துவிடுகிறார்கள். தேதியில் அவர் யார் பேச்சையும் கேட்பதில்லை. வந்தவுடன் பழைய நுரையீரல் டாக்டரிடம் போய் அவள் குழாயில் ஊதிக் காட்டுவாள். இந்த வருஷமும் ஊதினாள். போன வருஷம் இருந்த அளவேதான், கூடவுமில்லை, குறையவுமில்லை. கெட்டுப்போகாமல் இருப்பதே நல்ல செய்தி என்றார் டாக்டர். ஆனால் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், குறைகிற மாதிரி தெரிந்தால் அந்த ஊரை மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

“குறைஞ்சா மறந்துடுவியா?” என்று வெளியே வந்ததும் கேட்டார்.

“மறந்துடுவேங்க” என்றாள். ரெண்டடி நடந்துவிட்டு, “ரொம்பக் கஷ்டப்பட்டு” என்று சேர்த்துக்கொண்டாள்.

மகள் வாசலில் மருந்துச் சீட்டோடு காத்திருந்தாள். மூன்று பேரும் வெயிலில் ரோட்டைக் கடந்து மருந்துக் கடைக்குப் போனார்கள்.